வலிக்கு அவள் வைத்திருந்த சொல்

ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் பே கடற்கரையில் படகேறி, சட்டையில்லாமல் வெயிலில் கிடந்து தோளெல்லாம் வெந்துபோயிருந்தது சந்திரமௌலி டாக்டருக்கு. மதுரைக்காரருக்கு வெயில் ஒரு பொருட்டா என்ற வீம்புதான். திங்கட்கிழமை சட்டை உரசியபோதெல்லாம் யார்மீதாவது எரிந்துவிழத் தோன்றியது. விழவும் செய்தார்.

ரிவியேர் டு ராம்பார் ஊரில் ஸ்வெட்டர் ஆலையொன்றில் அவருக்கு வாரம் ஒருநாள் வேலை. அன்று வந்தவள் இஸ்திரி மேசைக் கோவிந்தம்மா. நீராவி பட்டு முன்கை வெந்திருந்தது. காயத்தைச் சுற்றியிருந்த நல்ல தோலில் கம்பளி பட்டாலும் துள்ளுகிறாள் என்றாள் மேற்பார்வையாளர் கொலெட்.

"போன மாதம் காவடியில் நாக்கில் வேல் குத்திக்கொண்டு கோயில்வரை நடந்தவள், டொக்தேர்! இப்போது நூல் பட்டால் வலிக்கிறதாம். சினிமா காட்டுகிறாள்!"

வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதினால் அவள் இஸ்திரிக்குத் திரும்ப வேண்டும். அவள் முடியாது என்றால் வேலை போய்விடும்.

டாக்டர் பஞ்சை எடுத்துக் காயத்துக்குப் பக்கத்தில் வருடினார். "வலிக்குதாம்மா?"

"அரோகரா!" என்று அலறினாள்.

"என்ன, கிண்டலா? இது முருகன் கோயிலா?" தகுதி என்று எழுதப் பேனாவைத் திறந்தார். கொலெட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பிராவோ, டொக்தேர்!" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஐயோ!" டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

கோவிந்தம்மா பதறிப்போனாள். "டொக்தேர், உங்களுக்கும் அரோகராவா?"

அதில் கேலி துளியும் இல்லை. வீட்டில் தீவு மொழியான கிரியோல் பேசுகிறவள். அவள் தமிழ் கோயிலோடு சரி. அங்கே ஊசி ஏறும்போதெல்லாம் எல்லோரும் கத்துவது அந்த ஒரு சொல்தான். தமிழில் வலிக்கு அதுதான் பேர் என்று நினைத்திருக்கிறாள், பாவம். டாக்டருக்கு வெட்கமாக இருந்தது.

கொலெட்டிடம் திரும்பினார். "காவடியன்று பக்திப் பரவசத்தில் அவள் நரம்பு அடங்கியிருந்தது. வெந்த சதை சும்மா இருக்காது. செல்லின் உறையிலுள்ள கொழுப்பிலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்று ஒன்றை உண்டாக்கும். அதைப் பிடித்துக்கொள்ள நரம்பு நுனியில் ஏற்பிகள் உண்டு. பிடித்ததும் நரம்பு உஷாராகிவிடும். நூல் பட்டாலும் நெருப்புப் பட்டதென்றே மூளைக்குச் சொல்லும். என் தோளும் அதைத்தான் சொல்கிறது."

"அப்படியானால் அவள் சொன்னது பொய் இல்லையா?"

"இல்லை."

காயம் ஆறும்வரை இஸ்திரி கூடாது, வேறு வேலை தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பஞ்சைக் காயத்திலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்.

"இங்கே அரோகரா இருக்காம்மா?"

கோவிந்தம்மா ஆமென்று தலையாட்டினாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.