நரி முகத்தில் முழித்தவர்கள்

கடை திறக்கிற அன்று நரி முகத்தில் முழிக்க வேண்டும் என்று ராம்நாத்துக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ! புதுக்கோட்டையில் புதுப் பாத்திரக் கடை. "நரிக்கு நான் எங்கிட்டுப் போவேன்? ஒங்கிட்டதானே இருக்கு" என்று தங்கை உமாவைப் பிடித்துக்கொண்டான்.

இருந்தது. அரிமளம் சாலையில், தைலமரக் காட்டை ஒட்டிய விலங்கு மீட்பு மையத்தில் உமா தன்னார்வலர். அடிபட்ட மயிலுக்குக் கட்டுப் போடுவாள், குரங்குக் கூண்டைக் கழுவுவாள். வல்லத்திராக்கோட்டையில் கிணற்றில் விழுந்த நரியை ஊர்க்காரர்கள் தூக்கி வந்து கொடுத்திருந்தார்கள். அதைத் தனிக்கூண்டில் வைத்து, "நோய் இருக்கா இல்லையான்னு தெரியிற வரைக்கும் வெளியாள் யாரும் கிட்ட வரக் கூடாது" என்று மையத்தின் கால்நடை மருத்துவர் ஆனந்தராஜ் கறாராகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் கேட்டு உமா எதைத்தான் மறுத்தாள்! சாவி வேறு இவள் கையில். விடியும்போது அவனையும் அவன் மகள் விசாலியையும் பின்வாசல் வழியாக அழைத்துப் போனாள். நரி கம்பியில் மூக்கை ஒட்டிச் சோர்ந்து கிடந்தது. தண்ணீர் பிடிக்க உமா உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவர்கள் பார்த்து முடித்துக் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

முதல் நாளே கடையில் கூட்டம். "பாத்தியா, நரி முகத்த!" என்று ராம்நாத் போனில் குதித்தான்.

அந்த வாரக் கடைசியில் நரிக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. தாடை தொங்கி எச்சில் வடிந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது.

"வெறிநோய்தாம்மா. டெஸ்டுக்கு அனுப்புறேன், ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் ஆனந்தராஜ். "நாம முன்னாடியே ஊசி போட்டவங்க, இன்னொண்ணு போட்டுக்குவோம். வெளியாள் யாரும் வரலைல்ல?"

"வரல சார்" என்றது உமாவின் வாய். பாழாய்ப்போன வாய்!

ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக் கடைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. விசாலி கல்லாப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நரி கடிச்சுச்சா? பிறாண்டுச்சா? உண்மையச் சொல்லு."

"சேச்சே! கீறல்கூட இல்ல. ஏன், என்னாச்சு?"

குழந்தையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, நரி சமத்து. அப்பா அதோட மூக்கத் தொட்டாங்க, நானும் தொட்டேன். ஈரமா இருந்துச்சு."

"தொட்டு?"

"இப்படி."

விசாலி விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், கற்பூரத் தட்டைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல.

"நல்லதுன்னு நெனச்சு நானும் ஒத்திக்கிட்டு அவளையும் செய்யச் சொன்னேன்..." ராம்நாத்தின் குரல் இறங்கியது.

"அந்த நரி வெறிநோயில செத்துப்போச்சுண்ணே. எச்சி கண்ணுல பட்டாலும் ஏறும்." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. நோய் தலைகாட்டிவிட்டால் உலகத்தில் மருந்தே கிடையாது என்பதை எந்த வாயால் சொல்வாள்? ஆனந்தராஜைப் போனில் அழைத்தாள்.

"சார், பொய் சொல்லிட்டேன். எங்க அண்ணனும் அவர் மகளும் வந்தாங்க. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க."

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கடிபட்டவங்களுக்குப் போடுற எல்லா ஊசியும் போடணும். நானும் வாரேன். அங்க வச்சு மையத்துச் சாவிய எங்கிட்டக் கொடுத்துடு."

ஆஸ்பத்திரியில் விசாலி அலறிய அலறலில் ராம்நாத் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கும் போட்டார்கள். "இன்னும் நேரம் கடக்கல. ஆனா ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தப்பித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உமா சாவியை ஆனந்தராஜ் கையில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் சின்னப் பிள்ளையார். விசாலி ஓடிப்போய்ப் பாதத்தைத் தொட்டாள். கை கண்ணுக்கு உயர்ந்தது.

"கண்ணத் தொடாத!" உமா போட்ட கத்தலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

"விடுங்க அத்தை, வலிக்குது. சாமிதானே?"

சாமிதான். ஆனாலும் பிடித்த பிஞ்சுக் கையை உமாவால் விட முடியவில்லை.