தோணியில் போன பாடம்

...பதினொன்று தாண்டியிருக்கும், இன்னும் அந்த மனிசனைக் காணவில்லை, தோணியையும் காணவில்லை, தோணிக்குள் கிடக்கிற போனையும் காணவில்லை, வாவி மட்டும் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோலப் பளபளத்துக்கொண்டு கிடக்கிறது. பன்னிரண்டுக்குள் ஒரு கதையைக் குரலில் பதிந்து வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டும், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, இரண்டு நிமிடக் கதை. அனுப்பாவிட்டால் துசாந்தினியின் பெயர் வெட்டு. முன்பள்ளி உதவி ஆசிரியைப் பயிற்சியில் ஏற்கெனவே இரண்டு வேலை தவறிவிட்டது, மூன்றாவதும் தவறினால் எடுத்துவிடுவோம் என்று தனுஷியா மிஸ் நேற்று வாசலுக்கே வந்து சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், வயதும் தடையில்லை, ஒருவரையும் விடமாட்டோம்... எவ்வளவு அழகாகச் சொன்னார்கள்! ஓம், வீட்டிலிருந்து படிக்கலாம், போன் வீட்டில் இருந்தால். பதினெட்டுப் பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் போன் என்று யாராவது வாய் திறந்து கேட்டார்களா? பாடம் ஒன்பது மணிக்கு வரும், ஒன்பது மணிக்குப் போன் நடு வாவியில், புருசன் உதயரூபனின் சட்டைப்பையில், பொலித்தீன் சுற்றிக்கொண்டு சுகமாய் இருக்கும். இறால் வாங்குகிறவன் போனில் கோல் எடுத்து விலை சொல்லுவானாம். அவன் எடுக்கிற அந்த ஒரு கோலுக்காகக் கட்டின பெண்சாதியின் படிப்பு தண்ணீரில் மிதக்க வேண்டுமாம்.

அதையாவது பொறுக்கலாம். "அக்கா, பாடம் கேட்டதா வட்ஸ்அப்பில நீலச் சரி அடையாளம் விழுந்திருக்கு, மறுகா ஏன் பதில் இல்ல?" என்று மிஸ் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. யார் மிஸ் பாடத்தைக் கேட்டது, நானா கேட்டேன்? மனிசனின் விரல் எங்கேயாவது பட்டிருக்கும்... வந்து நீட்டும்போது பற்றரியும் செத்துக் கிடக்கும், ஏனென்று கேட்டால் தலையைச் சொறிவான். இவள் முயல் கதையைக் கோழிக்குச் சொல்லி, சோற்றுப் பானைக்குச் சொல்லி, ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கி வைத்திருக்கிறாள், அதை யாருக்குச் சொல்ல, இந்தக் கொக்குக்கா... அந்தா, தோணி! எவ்வளவு ஆறுதலாகத் தண்டு வலிக்கிறான் பார், கலியாண ஊர்வலம் வருகிறமாதிரி.

முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிப் போனைப் பறித்தாள். "கொண்டாங்க இஞ்ச! நேரம் தெரியுமா உங்களுக்கு?"

"கத்தாத புள்ள, கதைய அனுப்பியாச்சு."

"என்ன கதைய?"

"நேரம் போகுதெண்டு... நானே சொல்லி விட்டுட்டன்."

"நீங்களா? இத்தன பொம்பிளையள் இருக்கிற குறூப்பில, என்ட பேருல, ஆம்பிளக் குரலிலயா? உங்கட மண்டைக்குள்ள என்னதான் கிடக்கு?"

உதயரூபன் வலைமேல் குனிந்துகொண்டான். சந்தி சிரிக்கப் போகிறது, செட்டிபாளையம் முழுக்கச் சிரிக்கப் போகிறது... நல்ல காலம், பற்றரி இன்னும் சாகவில்லை, அவன் அனுப்பின குரலை அழுத்தினாள். முதலில் தண்ணீர்ச் சத்தம், பிறகு ஒரு குரல். வளை தோண்டத் தெரியாத ஒரு நண்டு, கண்ட வளையில் எல்லாம் போய்த் தட்டுகிறதாம், உள்ளே இருக்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு சாட்டுச் சொல்லி அனுப்புகிறார்களாம். "மறுகா நண்டு என்ன செய்திருக்கும்? சொல்லுங்க பாப்பம்..." என்று கேட்டுவிட்டுக் குரல் நிற்கிறது. தோணியில் தண்ணீர் அடிக்கிறது, ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. இடையில் கேள்வி கேளுங்கள், பிள்ளை யோசிக்க நேரம் விடுங்கள், அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லாதீர்கள்... மூன்றாம் பாடம் அல்லவா இது! இவளே மறந்துபோன பாடம். அப்படியென்றால் விரல் பட்டு விழுந்ததில்லை அந்த நீலச் சரி, ஒவ்வொரு பாடமாய்க் காதில் வைத்துக் கேட்டுத்தான் பற்றரியைச் சாகடித்திருக்கிறான் கள்ள மனிசன். பதினைந்து வருசம், இரண்டு பிள்ளைகள், ஒருநாள் மடியில் வைத்து ஒரு கதை சொன்னானா? வீட்டில் சோறு, தண்ணீர், வலை என்று மூன்று சொல்லோடு நாளை முடிக்கிற வாயா இது? எரிச்சலாய் வந்தது, அழுகையும் வந்தது, தன் முயலை நினைக்க வெட்கமாயும் இருந்தது.

மிஸ்ஸின் பதிலும் குரலாய் வந்து கிடந்தது. சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்தாள். "அக்கா, சான்றிதழ் உங்களுக்குத்தானே, நாலு மணிக்குள்ள உங்கட குரல்ல அனுப்பிடுங்க. ஆனா அண்ணன்ட கதைய முன்பள்ளியில போட்டன், இன்னொருக்கா போடச் சொல்லிப் பிள்ளையள் ஒரே சத்தம். நல்லாச் சொல்லியிருக்கார்."

நாலு மணி. பெயர் தப்பிவிட்டது, இனி என்ன, மூச்சு விடலாம் அல்லவா? அந்த 'நல்லாச் சொல்லியிருக்கார்' தான் காதை விட்டுப் போகவில்லை.

"மிஸ் என்னமும் சொன்னாவா?" என்றான் உதயரூபன். முகம் வலையில்தான் இருந்தது, ஆனால் கை நின்றுவிட்டது.

"ஒண்டும் சொல்லல்ல."

எப்படி வந்தது அந்தச் சொல்? யோசிக்குமுன்பே வந்துவிட்டது. திருப்பி எடுக்க ஒரு நொடி போதும், வாயைத் திறந்தால் போதும்... இவள் போனின் ஈரத்தைத் துடைத்தாள்.

"ஓ" என்றான். வலையில் சிக்கின நண்டு ஒன்றை மெதுவாகக் கழற்றினான். "அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லணும், என்ன புள்ள?"

நாளையிலிருந்து போன் தோணியில் ஏறாது என்று சொல்லத்தான் இவள் கரைக்கு வந்திருந்தாள்.