ஒரே படம், இரண்டு பிரதி

அந்தப் பெயின்டர் உள்ளே நுழைந்தாலே கேமராக் கடையின் விற்பனைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நிலை வந்திருந்தது. இரண்டு வாரமாக வருகிறார், கேட்கிறார், எதையும் வாங்காமல் போகிறார். தெருவில் அவருக்குப் 'பாதிவிலை' என்றுதான் பெயர். எந்தப் பொருளைக் காட்டினாலும் சொன்ன விலையில் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். தன் கூலியை யாராவது பாதியாகக் கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

பேத்திக்கு முதல் பிறந்தநாள் வரவிருந்தது. வெளியூரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு இங்கே வந்து கொண்டாடுவதாக ஏற்பாடு. படம் எடுக்க ஸ்டுடியோக்காரர் கேட்ட தொகையில் பெயின்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காசுக்கு ஒரு கேமராவே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. கேமரா வாங்கினால், பிரதி போட மறுபடியும் அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்? அப்படியானால் பிரிண்டரும் வாங்கிவிட வேண்டியதுதான். மிச்சம் பிடிக்கக் கிளம்பி இரண்டு பொருளுக்குச் செலவு செய்யும் இந்தக் கணக்கு அவர் ஒருவருக்கு மட்டும்தான் லாபமாகத் தெரிந்தது. மறுத்துப் பேசினால் அதற்கும் ஒரு கணக்குச் சொல்வார் என்று மனைவிக்குத் தெரியும்.

அவர் கேட்காத கேள்வி இல்லை. இத்தனை மெகாபிக்சல் எதற்கு, நாம் என்ன சுவரொட்டியா அடிக்கப் போகிறோம்? இந்த லென்ஸ் நிஜமாகவே தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருமா, இல்லை படத்தைப் பெரிதாக்கிக் காட்டி ஏமாற்றுமா? பேட்டரி தேய்ந்தால் சாதாரணக் கடையில் கிடைக்குமா? பிரிண்டர் இவ்வளவு மலிவாக இருக்கிறதே, மை என்ன விலை? மை விலையைக் கேட்டதும் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார். பிரிண்டரைக் கொடுப்பதுபோல் கொடுத்து மையில் பிடுங்குகிறார்கள் என்று புரிந்துபோயிற்று. கடைசியில் எந்த நிறம் தீர்கிறதோ அந்த மையை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஒரு பிரிண்டரைக் கண்டுபிடித்தார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இதில் கேமராவின் கார்டை நேராகச் செருகினால் போதும்.

கேமராவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம். விற்பனைப் பெண் அவரையே ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினாள். கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் போன இடம் தெரியவில்லை. கன்னத்தில் இருந்த பழைய தழும்பும் இல்லை. முகத்தை அழகாக்கும் வசதி இது, போட்டுவிட்டால் போதும், தானே வேலை செய்யும் என்றாள்.

"நாங்க செவுத்துக்குப் பட்டி பாக்கற மாதிரிதாம்மா இது," என்று பெயின்டர் மகிழ்ந்துபோனார். "மேடு, பள்ளம், கீறல், ஒண்ணும் தெரியாது."

படம் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம், திருத்தாத அசல் படமும் தனியாகக் கார்டில் இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவர் காதில் விழவில்லை. கேமராவுக்கு உறை இலவசமாகக் கிடைக்குமா என்பதில் அவர் மும்முரமாக இருந்தார்.

மகள் முந்தின நாள் மாலையே வந்துவிட்டாள். முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதையும் மீறி, இடது கண்ணுக்குக் கீழே லேசாகக் கன்றியிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள் மகள். பார்த்து நடக்கக் கூடாதா என்று அம்மா கடிந்துகொண்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே மகள் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நான் ஒரு பத்து நாள் இங்கயே இருந்துட்டுப் போகட்டுமா?"

பெயின்டர் கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். "மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவாரு? தப்பா நினைக்கப் போறாரு," என்றார், தலையைத் தூக்காமலே. அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

மாப்பிள்ளையைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. குடிப்பழக்கம் இல்லை, கை நிறையச் சம்பளம், வாய்க்கு வாய் மாமா. பிறந்தநாளன்று வாடகை நாற்காலிகளை எல்லாம் அவரே சுமந்து போட்டார். வந்தவர்கள் எல்லாம், தங்கமான பையன், கொடுத்துவைத்தவள் என்று மகளின் காதுபடவே சொன்னார்கள். கேக் வெட்டும்போது பெயின்டர் படமாக எடுத்துத் தள்ளினார். "சிரிம்மா, சிரி," என்று மகளை விரட்டிக்கொண்டே இருந்தார். அவளும் சிரித்தாள்.

விருந்து முடிந்து எல்லோரும் போனபின், நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க மாப்பிள்ளை வண்டியில் கிளம்பினார். வந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டும், தயாராக இரு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் கையில் நாலு படமாவது கொடுத்து அனுப்ப வேண்டுமே என்று பெயின்டர் அவசரமாகக் கார்டைப் பிரிண்டரில் செருகினார். ஒரு படத்துக்கான பொத்தானுக்குப் பதிலாக, எல்லாப் படங்களுக்குமான பொத்தானை அழுத்திவிட்டார்.

முதல் படம் வந்தது. மகளும் குழந்தையும். முகம் இரண்டும் பளிச்சென்று இருந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்ததாக அதே படம் மறுபடி வர ஆரம்பித்தது.

"ஐயோ, ஒரே படத்தை ரெண்டு தடவை அடிக்குதே. மை போச்சு, பேப்பர் போச்சு," என்று பதறி, நிறுத்தும் பொத்தானைத் தேடினார். அது கண்ணில் படவில்லை. காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நெற்றி வந்தது. கண் வந்தது.

பெயின்டரின் புலம்பல் நின்றுவிட்டது.

கண்ணுக்குக் கீழே இருந்தது லேசான கன்றல் இல்லை. ஃபிளாஷ் வெளிச்சம் பவுடரைத் தாண்டி உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துக் காட்டியிருந்தது. நீலம், அதன் ஓரத்தில் பழைய மஞ்சள். தாடையில், காதுக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில் நான்கு தடங்கள். அவர் தன் கையைத் தூக்கி விரல்களை விரித்துப் பார்த்தார். அலமாரிக் கதவுக்கு விரல் கிடையாது.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சேலை, அதே சிரிப்பு, அதே குழந்தை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். பிரிண்டர் பாட்டுக்கு ஜோடி ஜோடியாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மை தீர்வதைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை.

வாசலில் பையோடு நின்றிருந்த மகள் உள்ளே வந்து படத்தைப் பார்த்தாள்.

"அது கதவு இல்லப்பா," என்றாள்.

"எத்தனை நாளாம்மா?"

"குழந்தை வயித்துல இருக்கும்போதே."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லலாம்னுதாம்பா ஒவ்வொரு தடவையும் வருவேன். வாயைத் தொறக்கறதுக்குள்ள நீங்க மாப்பிள்ளை நல்லா இருக்காரான்னு கேட்டுடுவீங்க."

அம்மா விம்மி அழுதாள். கண்ணால் பார்த்தும் கதவு என்று சொன்னதை நம்பிவிட்டாளே, நம்பினால் நிம்மதி என்று நம்பிவிட்டாளே.

வாசலில் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை சிரித்த முகமாக உள்ளே வந்து, கிளம்பலாமா என்றார். பெயின்டர் மகளின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"அவ வரல. நீங்க போகலாம்."

மாப்பிள்ளையின் கண் மேசையில் கிடந்த படங்கள் மேல் விழுந்தது. ஒரு நொடி தடுமாறினார். பிறகு அதே மரியாதையான குரலில், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் மாமா. இதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா?" என்றார்.

"இதுவரைக்கும் சின்னது பண்ணினது நாங்கதான்," என்றார் பெயின்டர். "இந்தப் படத்தை போலீஸ்ல குடுக்கப்போறேன். இனிமே அங்க வந்து பேசுங்க."

வண்டி போன சத்தம் அடங்கியபின், பெயின்டர் ஒரு நாற்காலியை இழுத்து மகளின் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஓதம் ஏறின செவுத்துல எவனாவது பட்டி பூசினா அவனைத் திட்டுவேன். தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருடாம்பேன். என் வீட்டுல நானே பூசிட்டு இருந்திருக்கேன்," என்றார். "ஒரு கேமரா வாங்க ரெண்டு வாரம் கடை ஏறி இறங்கி அத்தனை கேள்வி கேட்டேன். பெத்த பொண்ணை ஒரு கேள்வி கேக்கல. கட்டிக்குடுத்தாச்சு, சிரிச்சிட்டுத்தானே இருக்கான்னு பெத்தவங்க இருந்துடக் கூடாதும்மா. நல்லா இருக்கியான்னு கேக்கணும். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருக்கணும்."

பிறகு மகளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இப்பக் கேக்கறேன். நீ நல்லா இருக்கியாம்மா?"