எந்த வழுக்கை பெரியப்பா?

கடை வாசலில் ஆள் கால் வைத்ததுமே மெத்தைக்கடைக்காரர் அளந்துவிடுவார். முதுகுவலிக்காரனா, புதுசாகக் கல்யாணம் ஆனவனா, வெயிலுக்கு ஒதுங்கிச் சும்மா உட்கார்ந்து பார்க்க வந்தவனா, எல்லாம் மூன்று நொடியில் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட ஆசாமி, மனைவியின் குடும்பம் மொத்தமும் கூடியிருந்த வாடகை மண்டபத்தில், கைக்கொரு பிள்ளையைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

வந்த காரியம் ஒன்றே ஒன்று. மனைவியின் பெரியப்பா அவளோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். அப்பா இல்லாத பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர். வேறொரு வரனுக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று, "எனக்கு மெத்தைக்கடைக்காரர்தான்" என்று இவள் போட்டு உடைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஒன்பது வருஷமாகப் பேச்சும் இல்லை. இப்போது ஒரு சித்தி போன் செய்து, "எல்லாரும் கூடறோம், நீயும் வாயேன்" என்றிருக்கிறாள். பெரியவரைக் கேட்டுச் சொன்னாளா, கேட்காமல் சொன்னாளா, அதுவும் தெரியவில்லை.

காரிலேயே திட்டம் தயார்.

"நான் போய் நின்னா மூஞ்சியைத் திருப்பிக்குவார். நீங்க பிள்ளைங்களைக் கொண்டுபோய் முன்னாடி நிறுத்துங்க. அவர் தூக்கிட்டார்னா நான் வந்துடறேன்" என்றாள் மனைவி.

"ஆள் எப்படி இருப்பார்?"

"நான் பாத்தப்போ தலை கொள்ளாத முடி. இப்ப அண்ணன் தம்பி மூணு பேருக்குமே வழுக்கையாம். வெள்ளைச் சட்டை, கண்ணாடி."

"யாருக்கு, மூணு பேருக்குமா?"

"மூணு பேருக்கும்தான்."

"நல்ல அடையாளம் சொன்னே போ."

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாலைந்து பெண்கள் அவளை அப்படியே அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள். யாரையாவது கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் குடும்பத்தில் யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்யும் பழக்கம் கிடையாது. "என்னைத் தெரியுதா?" என்று கேட்பார்கள். "தெரியாம என்ன!" என்று சொல்லியாக வேண்டும். என்றைக்கோ "நீங்க யாரு?" என்று கேட்டுவைத்த ஒரு மருமகனுக்கு, தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் 'நீங்கயாரு மாமா' என்றுதான் பெயர்.

மெத்தைக்கடைக்காரர் கூடத்தை நோட்டம் விட்டார். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக மூன்று வழுக்கைகள் கண்ணில் பட்டன. நடு நாற்காலியில் ஒன்று, சுற்றிலும் ஆட்கள். மூலையில் ஒன்று, முறைப்போடு. ஜன்னலோரம் ஒன்று, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு.

நடு நாற்காலிதான் முதலாளி என்று தீர்மானித்து, பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனார். மூத்தவளுக்கு ஆறு வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொல்வதால் வீட்டில் 'வக்கீல்'. இளையவனுக்கு மூன்று, தூக்கினால் இறங்க மாட்டான் என்பதால் 'மூட்டை'.

"வாங்க மாப்பிள்ளை! என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன!"

"யாருப்பா இவரு?" என்றாள் வக்கீல். அவள் வாயில் அவசரமாக ஒரு பிஸ்கட் திணிக்கப்பட்டது.

வழுக்கை மூட்டையைத் தூக்கிக் கொஞ்சியது. காரியம் பழம் என்று மெத்தைக்கடைக்காரர் மாடிப்படிப் பக்கம் ஓட்டமெடுக்கும்போது, ஒரு சிறுமி ஓடிவந்து, "சின்னத் தாத்தா, என் பலூனைப் பிடுங்கிட்டான்!" என்றாள். மாப்பிள்ளை அப்படியே திரும்பி வந்து மூட்டையை வாங்கிக்கொண்டார். நடு நாற்காலிக்காரர் கடைக்குட்டித் தம்பியாம்.

ஒன்பது வருஷக் கோபத்துக்கு அந்த மூலை முறைப்புத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. முன்னால் போய் நின்றார்கள். மூட்டை கையில் இருந்த பழச்சாற்றை மரியாதையாக அவர் மடியில் கவிழ்த்தான். மெத்தைக்கடைக்காரருக்கு உயிரே போய்விட்டது. அந்த மனிதரோ கோபப்படவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"உங்களுக்கு என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன!"

"பொய் சொல்லாதீங்க. எனக்கே இங்க யாரையும் தெரியாது. என் பொண்ணைக் கட்டிக் குடுத்த வீடு இது. நாலாவது தடவையா வர்றேன். எல்லாருக்கும் தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலியே வந்துடுச்சு. வெளிய சொல்லிடாதீங்க."

ஆக, தூங்குகிறவர்தான் பெரியப்பா. வேறு கணக்கே இல்லை. ஆனால் கோபக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பேத்தியை நீட்டினால் வியாபாரம் படியுமா? விழிக்கட்டும் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டையும் காணோம்.

பதறி எழுந்து தேடினார். கூடத்தின் கோடியில் யானைச் சவாரி நடந்துகொண்டிருந்தது. வயதான ஒருவர், பழைய டீ-ஷர்ட்டும் தொப்பியுமாக, முட்டி அழுக்காக நான்கு காலில் தவழ்ந்து பிளிறிக்கொண்டிருந்தார். முதுகில் மூட்டை. முன்னால் நடந்து யானையை நடத்திக்கொண்டு போனாள் வக்கீல். பிள்ளைகளைச் சமாளிக்கக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று மெத்தைக்கடைக்காரர் மெச்சிக்கொண்டார். நல்ல சரக்கைக் கண்டால் அவரால் விலை கேட்காமல் இருக்க முடியாது.

"பெரியவரே, உங்க யானை பிரமாதம். எங்க கடை ஆண்டு விழாவுக்கு வரணும். அரை நாளுக்கு என்ன கேப்பீங்க?"

யானை அண்ணாந்து பார்த்தது. "என்ன கடை?"

"மெத்தைக்கடை."

யானை அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளந்தது. அப்புறம், "காசு வேணாம். ஒரு மெத்தை குடுங்க" என்றது.

"அரை நாளுக்கு மெத்தையா? நல்லா இருக்கே! ரெண்டு தலையணை தர்றேன்."

"தேயறது என் முட்டி. ரெட்டை மெத்தை."

"கட்டுப்படியாகாது பெரியவரே. மெத்தைதான் வேணும்னா நாலு நாள் யானையா வரணும்."

"ரெண்டு நாள். இலவம்பஞ்சு."

"மூணு நாள். இலவம்பஞ்சு. ஆனா குரங்கும் செஞ்சு காட்டணும்."

"குரங்குக்குத் தனி ரேட்டு" என்றது யானை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அப்போது சின்னத் தாத்தா கூடத்தின் நடுவிலிருந்து குரல் கொடுத்தார். "பெரியண்ணே! எவ்வளவு நேரம் தவழுவீங்க? போட்டோக்காரர் காத்திருக்கார். அந்தத் தூங்குமூஞ்சி நடு அண்ணனையும் எழுப்புங்க!"

யானை மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தது. நாலாவது வழுக்கை பளபளத்தது.

மெத்தைக்கடைக்காரருக்குக் குரங்கின் ரேட்டைக் கேட்பதா, காலைப் பிடிப்பதா, ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் மனைவி படியிறங்கி வந்தாள். மகன் யார் இடுப்பில் இருக்கிறான் என்று பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். பெரியப்பா அவளைப் பார்த்தார். கூடமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"பெரியவளுக்குக் கீழ்ப்பல் ஆடுது. கவனிச்சியா?"

"இல்ல பெரியப்பா."

"கவனிக்க வேணாமா?"

அவ்வளவுதான். மூட்டையை இறக்கிவிடாமலே போட்டோ எடுக்கும் இடத்துக்கு நடந்துவிட்டார்.

"என்ன இது, திட்டினாரா, பேசினாரா?" என்று மெத்தைக்கடைக்காரர் மனைவியின் முழங்கையைப் பிடித்தார்.

"பேசினார்" என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது.

"பல்லைப் பத்தித்தானே?"

"சும்மா இருங்க."

அவருக்குத் தலை சுற்றியது. யாருடைய பிள்ளைகள் என்று தெரிந்தேதான் முதுகில் ஏற்றினாரா? தெரிந்திருந்தால் ஏன் தன்னிடம் அத்தனை மும்முரமாகப் பேரம் பேசினார்? தெரியாது என்றால் யார் பல்லை யாரிடம் சொன்னார்? சமாதானம் என்றால் ஒரு சிரிப்பாவது வேண்டாமா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

"அங்கயே நின்னா படத்துல எப்படி விழுவீங்க?" என்று பெரியப்பாவின் குரல் வந்தது. அது யாருக்கு என்று தெரியாமல் பத்துப் பேர் நகர்ந்தார்கள். மனைவி மகளை இழுத்துக்கொண்டு நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவரும் விலகவில்லை.

விளக்கு மின்னியது. எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள். அவள் மட்டும் மகளின் வாயைத் திறந்து, கீழ்ப்பல்லை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.