காலி ஜார்

மிக்ஸி மெக்கானிக்குக்குக் காதும் மூக்கும் இருந்தால் போதும், மூளை தேவையில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் கேலியாகச் சொன்னாலும் நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். ஜாரைச் சுற்றவிட்டு ஒரு நிமிடம் கேட்டால் புஷ் தேய்ந்ததா, கார்பன் தீர்ந்ததா என்று சொல்லிவிடுவேன். மோட்டார் காயில் கருகப்போகிறது என்பதை, புகை கிளம்புவதற்கு வெகு முன்பே மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். கடைக்கு வந்து "ஓட மாட்டேங்குது" என்பவர்களிடம் நாடி பிடிக்கிற முகத்தோடு தலையாட்டுவேன். டாக்டர் ஆக முடியாதவன் அந்த முகத்தை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பான்?

நோய் பரவி ஊரே கதவைச் சாத்தியபோது கடையையும் சாத்தச் சொன்னார்கள். பழுது பார்க்க வந்திருந்த மிக்ஸிகளைக் கோணிப்பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே அரிசி இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து அனுப்பிவிட்டார். எல்லோரும் அரிசியும் பருப்பும் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில், அரைக்கிற சாமானை மட்டும் சுமந்து வந்த ஒரே புத்திசாலி நானாகத்தான் இருப்பேன்.

ஆகவே எங்களுக்குச் சோறு போட்டது மனைவியின் தம்பி. மொத்தக் காய்கறிச் சந்தையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவன். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். சந்தையைப் பூட்டிய அன்று வெங்காயம் ஒரு மூட்டை, உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, இஞ்சி, மிளகு எல்லாவற்றோடும் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, சரக்கு வந்திருக்கு. கூடவே ஆளும் வந்திருக்கு."

சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்ப வழியிருக்கிறதா என்று என் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது உண்மை. அதை மனைவி என் முகத்திலேயே படித்துவிட்டதால் கணக்கு அங்கேயே நின்றது. உள் அறையை அவனுக்குக் கொடுத்தோம்.

ஆளோடு இன்னொன்றும் வந்திருந்தது. அது சில நாள் ஒளிந்திருந்து, பிறகுதான் இருமியது.

எங்கள் கட்டடத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. காய்ச்சல் பார்க்கிற கருவியைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு கீழ்வாசலில் நிற்பார். எந்த வீட்டில் இருமல் கேட்டாலும் அந்த மாடியைத் தகரம் அடித்து மூடிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நோயாளியை ஊருக்கு வெளியே ஒரு பெரிய மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவிலிருந்து போன யாரும் இன்னும் திரும்பவில்லை. முதல் மாடி பேக்கரிக்காரரின் செருப்பும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் ஒரு பையில் திரும்பி வந்தன. அந்தப் பையை யாரும் தொடவில்லை. படிக்கட்டின் ஓரத்தில் அது அப்படியே கிடந்தது.

ரேடியோ முதல் தடவை இருமிய அன்று மனைவி இஞ்சியின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்: "அவனை அந்த மண்டபத்துக்கு அனுப்பினா, நானும் கூடவே போயிடுவேன்."

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நான் உள் அறை வாசலில் நின்று, குடும்பத் தலைவன் குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்:

"மாப்ள, இது வெளியே தெரியவே கூடாது. யார்கிட்டேயும் மூச்சு விடக்கூடாது."

ரேடியோவிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவன் உதட்டின் மேல் விரலை வைத்துத் தலையாட்டினான்.

வீடு மருந்துக்கடையாயிற்று. கைபேசியில் காலையில் ஒரு வைத்தியம் வரும், அதைத் தின்னக்கூடாது என்று மாலையில் இன்னொன்று வரும். மனைவி இரண்டையும் நம்பினாள். உப்புத் தண்ணீர், மிளகு தட்டிப் போட்ட வெந்நீர், இஞ்சிச் சாறு, பிறகு போர்வையைப் போர்த்தி ஆவி. கொதிக்கிற சட்டியின் மேல் குனிந்திருந்தவன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:

"மாமா, ஆவி பிடிச்சுப் பிடிச்சு நானே ஆவியாயிடுவேன் போல இருக்கு."

மூவரும் சிரித்துவிட்டோம். அவன் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. நிற்கவில்லை. அதே நேரம் வெளியே நடையில் பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவின் செருப்புச் சத்தம். என் கை தானாகப் போய் மேசை மேலிருந்த ஒரு மிக்ஸியின் சுவிட்சைத் திருப்பியது. வீடே அதிர்ந்தது. செருப்புச் சத்தம் கடந்து போயிற்று.

என் மூளைக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். மிக்ஸி மெக்கானிக் வீட்டில் மிக்ஸி ஓடினால் யார் சந்தேகப்படுவார்கள்? அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. உள்ளே இருமல் கிளம்பினால் வெளியே நான் ஓட்டுவேன். ஒன்று சூடானால் அடுத்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை பார்த்ததில்லை, அதுவும் கூலியில்லாமல்.

இரண்டொரு நாளில் டெய்லர் அக்கா கதவைத் தட்டினார். கொஞ்சம் மிளகு கிடைக்குமா, வீட்டுக்காரருக்குத் தொண்டை சரியில்லை என்றார். உடனே, வெறும் தூசிதான் என்றும் சேர்த்துக்கொண்டார். மிளகை மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. அவர் பார்வை என் தோளைத் தாண்டி உள் அறைக் கதவில் நின்றது.

"தம்பி, காலி ஜார்தானே ஓடுது?"

"டெஸ்ட் பண்றேன் அக்கா. கடைச் சாமான்."

"துணி வைக்காம நான் மெஷினை மிதிச்சா ஊசிதான் உடையும். பார்த்துக்கோங்க."

அவர் வீட்டில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்கும் தட்டுப்பாடு வந்தால் உங்களைத்தான் பிடிப்பார்கள் என்று கேலி செய்தேன். எதற்கும் சிரிக்கிற மனுஷி, அன்று சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றபோது மேல்மாடியில் டிவி அலறுவது கேட்டது. கீழே செயலாளர் வீட்டில் வாஷிங் மெஷின் உருண்டுகொண்டிருந்தது. மனிதர் எப்போதும் துவைத்துக்கொண்டேதான் இருக்கிறார், சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரேடியோ பேச்சைக் குறைத்தான். சாப்பாட்டுத் தட்டு பாதியோடு திரும்பி வந்தது. தம்பி முன்போல வாயாடவில்லையே என்று மனைவி கவலைப்பட்டாள். தொண்டைக்கு ஓய்வு நல்லதுதான் என்று நாடி பிடிக்கிற முகத்தோடு சொன்னேன். எனக்கு அது முன்னேற்றமாகவே பட்டது. இருமல்கூட இப்போது சின்னச் சின்னதாக, அடிக்கடி, ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிற மாதிரி வந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஓட்டினேன்.

அன்று மதியம் மனைவி குளிக்கப் போயிருந்தாள். உள்ளே ஒரு இருமல். ஓட்டினேன். நிறுத்தியதும் இன்னொன்று. மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை இருமல் நிறுத்தவே விடவில்லை. செயலாளர் படியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் நானும் கையை எடுக்கவில்லை. மோட்டாரின் சத்தத்தை ரசித்துக்கொண்டு நின்றேன். நல்ல புஷ், நல்ல கார்பன், ஒரு பிசிறு இல்லை என்றுகூட நினைத்தேன்.

மனைவி ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"என்னங்க இது, வீடே கருகி நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

குனிந்து பார்த்தேன். மிக்ஸியின் அடியிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் மோட்டார் தானாகவே நின்றது. நான் மூக்கைப் புகைக்குள்ளேயே விட்டு இழுத்தேன். கண் எரிந்தது. வாசனை இல்லை. மேசையில் நசுக்கி வைத்திருந்த இஞ்சியை எடுத்து முகர்ந்தேன். அதற்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மைல் தூரத்திலிருந்தே கருகலைப் பிடிக்கிற என் மூக்கு, என் முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது, உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்று.

கதவைத் திறந்தேன். ரேடியோ கட்டிலில் இல்லை. கதவுக்குப் பக்கத்திலேயே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தவழ்ந்து வந்திருக்கிறான். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. மூட்டை தூக்குகிற அந்த அகலமான நெஞ்சு, மீன் செவுள் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"கூப்பிட்டேன் மாமா... ஒவ்வொரு தடவையும்... நீங்க மிக்ஸி போட்டீங்க."

மாமா என்று கூப்பிட வாயைத் திறந்தால் முதலில் இருமல்தான் வந்திருக்கிறது. ஓடுகிற மோட்டாரில் ஒரு பிசிறைக்கூடக் கேட்கிற காது எனக்கு. அதை வைத்துக்கொண்டு நான் கேட்டது மோட்டாரை.

அவன் மறுபடி உதட்டின் மேல் விரலை வைக்கப் பார்த்தான். கை பாதியிலேயே விழுந்தது.

"இனிமேலாவது... மூச்சு விடலாமா மாமா?"

மனைவி ஏற்கெனவே கைபேசியை எடுத்து ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். மண்டபம் என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் வாசல் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டின் மேல்படியில் போய் நின்றேன்.

"எங்க வீட்டுல ஒருத்தனுக்கு மூச்சு முட்டுது. ரெண்டு நாள் இல்லை, ரொம்ப நாளா இருமல். எனக்கும் வாசனை போயிடுச்சு. ஆள் தூக்க உதவி வேணும், வழியை விடுங்க."

என் குரல் மாடி மாடியாக இறங்கிப் போயிற்று. செயலாளர் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார், கையில் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. தகரத்துக்கு ஆள் கூப்பிடப்போகிறார் என்று காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் குழாய் நின்றது. டெய்லர் அக்கா கதவைத் திறந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மேலே டிவி நின்றது. அதற்கும் மேலே எதையோ தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. கடைசியாக, கீழே, செயலாளர் வீட்டு வாஷிங் மெஷின் உருண்டு உருண்டு ஓய்ந்தது.

பிறகு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும், இருமல்.

எனக்கும் தொண்டையில் இருமல் கிளம்பியது. மேசையில் நல்ல நிலையில் இன்னும் சில மிக்ஸிகள் இருந்தன. எதையும் ஓட்டாமல் உள்ளே போய், ரேடியோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் நெஞ்சு அடுத்த தடவை ஏறுகிறதா என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.