சீட்டில்லாத கார்

அன்று கார் ஷெட்டில் இருந்தவர்கள் நான், என் மகன், மருமகள், மெக்கானிக் ஆகிய நால்வர் மட்டுமே. பேத்திக்கு வந்த ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. இப்போது புது மாப்பிள்ளையின் அம்மாவை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டும். பூஞ்சை வாடை பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும். விடாத மழையில் பூட்டிக் கிடந்த எங்கள் காரோ, கதவைத் திறந்ததும் குமட்டியது.

மருமகள் சோடா உப்பைத் தூவித் துடைத்தாள். மகன் அடித்த சென்ட், நாற்றத்தை இன்னும் மோசமாக்கியது.

"வாடகைக் கார் கூப்பிடலாம்பா."

"நம்ம வீட்டு விருந்தாளி என்னைக்குடா வாடகைக் கார்ல வந்தாங்க?"

மெக்கானிக் சீட்டுகளை அழுத்திப் பார்த்தார். "பஞ்செல்லாம் ஊறிப்போச்சுங்கய்யா. டிரைவர் சீட்டு மட்டும்தான் தப்பிச்சிருக்கு."

"மத்ததைக் கழட்டுப்பா."

"அப்புறம் அந்தம்மா எங்க உட்காருவாங்க, என் தலையிலயா?" என்றான் மகன்.

ரயில் வரும் நேரம் நெருங்கியது. கழற்றச் சொன்னேன். வழியெல்லாம் அந்த அம்மா ஒருமுறைகூட இருமவில்லை. சம்பந்தம் நிலைத்தது.

அவரைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தோம் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அது என் தேக்கு நாற்காலி. அது சாயாமல், பக்கத்தில் மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்.