இருபதாம் எண் டேப்லட்

சுங்கை லாவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் ஹேமநாதனின் முகம், 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி ஓய்வு முடிந்த கையோடு, எல்லாப் புகைப்படங்களிலிருந்தும் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் முகம் இருந்தது, மீசை இருந்தது, மாதம் ஒருமுறை மை பூசும் தலைமுடியும் இருந்தது. படங்களில் மட்டும் கழுத்து வரைக்கும் பூப்போட்ட பாத்தேக் சட்டை தெரிந்தது, அதற்கு மேலே பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தவர் யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைத் துடைக்கப் போனவர், "அலமாக், சார் தலையக் காணோம்லா!" என்று சொல்லிவிட்டு, கல்லில் ரொட்டி கருகுகிறதே என்று அடுப்புப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் அது இரண்டாவது செய்திதான். முதல் செய்தி கோழி விலை ஏறியது.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு முந்திய ஆண்டு, பெருந்தொற்றால் பள்ளி மூடிக்கிடந்து திறந்தபோது, பிள்ளைகள் எழுத்தை மறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட ஜமால் பாய், இருபது டேப்லட்டுகளை வாங்கிக் காரில் கொண்டுவந்து இறக்கினார். ஹேமநாதன் அவற்றுக்கு ஒன்று முதல் இருபது வரை எண் ஒட்டித் தன் அறையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை, மேலிடத்துக்கு ஒரு பக்க அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில், அலமாரி திறக்கும். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஆளுக்கொரு டேப்லட் கைக்கு வரும், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துச் சிரிக்க வேண்டும். நடுவில் ஹேமநாதன் கட்டைவிரலை உயர்த்தி நிற்பார். படம் எடுத்ததும் டேப்லட்டுகள் அலமாரிக்குத் திரும்பும். பிள்ளைகள் யாரும் அவற்றை முடுக்கியதில்லை, திரையின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரித்ததும் இல்லை. அறிக்கையின் தலைப்பு மட்டும் மாதாமாதம் மாறும். ஒரு மாதம் கணிதத்தில் தொழில்நுட்பம், மறுமாதம் நன்னெறியில் தொழில்நுட்பம். முதல் படத்தின் பிரதி ஒன்று ஜமால் பாய் கடைக்குப் போயிற்று. படத்தைப் பார்த்தவர்கள் பாராட்டி எழுதினார்கள், அந்தக் கடிதங்களும் அதே அலமாரியில் பத்திரமாக இருந்தன.

இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவள் மூன்றாம் ஆண்டு ஆசிரியை தேன்மொழி. கணினிப் பொறுப்பும் அவளிடம்தான். பள்ளி மூடிக்கிடந்த நாட்களில் தன் மடிக்கணினியில் இருபது பாடங்களைச் செய்திருந்தாள். படம், குரல், கேள்வி எல்லாம் அவளுடைய கைவேலை. ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பக்கத்திலும் 'முடித்தேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான் வைத்திருந்தாள். ஓர் அறிக்கை நாளில் டேப்லட்டுக்கு ஒன்றாக அந்தப் பாடங்களை ஏற்றியும் விட்டாள். ஏற்றி என்ன பயன்? அலமாரிதான் படித்தது.

அவளுடைய வகுப்பில் லக்ஷ்மி என்று ஒரு பெண் இருந்தாள். பிறவியிலேயே பார்வை குறைவு, கண்ணாடி போட்டும் தேறாது. எழுத்து உள்ளங்கை அளவு இருந்தால்தான் அவளுக்கு எழுத்து, இல்லாவிட்டால் அது எறும்பு. அம்மா பேச்சியம்மாளுக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. 2022 மே மாதத்து அறிக்கை நாளில், பத்தொன்பதாக எண்ணி அடுக்கிய டேப்லட்டுகளை இருபது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இருபதாம் எண்ணைத் தேன்மொழி தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தாளை உரித்து, எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, லக்ஷ்மியின் கையில் கொடுத்தாள். அதில் இருந்தது செம்பனைக் காட்டில் ஓர் ஆடு தொலைந்துபோன கதை, மொத்தம் இருபது பக்கம். மூக்கு திரையில் இடிக்க இடிக்க லக்ஷ்மி ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வாசித்தாள். முதல் வாரம் எழுத்துக் கூட்டினாள், மூன்றாம் வாரம் வரி வரியாகப் போனாள். வகுப்பே அந்த ஆடு கிடைக்குமா என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டது.

பத்தொன்பதாம் பக்கம் முடிந்து இருபதாம் பக்கத்தைத் தொடப் போன நேரத்தில்தான் ஹேமநாதன் வகுப்புக்குள் வந்தார். திரையெல்லாம் விரல் ரேகை, ஓரத்தில் கொஞ்சம் மிளகாய்ச் சம்பால் கறை. டேப்லட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "இன்னும் ஒரு பக்கம்தான் சார்" என்று லக்ஷ்மி கெஞ்சினாள். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார் அவர். பிறகு தேன்மொழியைப் பார்த்து, முப்பது பிள்ளைகள் கேட்க, "கண்ணு தெரியாத புள்ளைக்கு எதுக்கு டீச்சர் டேப்லட்டு? அழகுக்கா?" என்று கேட்டார். வாசல் வரை போனவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். திரும்பி வந்து, டேப்லட்டைத் துடைத்து, அணைத்து, லக்ஷ்மியின் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கவைத்துச் சிரிக்கச் சொன்னார். அழுதுகொண்டிருந்த பிள்ளை மூன்றாவது முயற்சியில் சிரித்தது. படம் கிடைத்ததும் டேப்லட் அலமாரிக்குப் போயிற்று, தேன்மொழிக்குக் காரணம் கேட்கும் கடிதம் வந்தது.

அந்தப் படம் 'சிறப்புத் தேவை மாணவர்களையும் எட்டிய தொழில்நுட்பம்' என்ற தலைப்பில் ஜொகூர் பாருவில் ஒரு போட்டிக்குப் போய் முதல் பரிசு வாங்கியது. நாளை என்று ஒன்று வரவேயில்லை. ஜூன் கடைசியில் பேச்சியம்மாள் பத்து பாகாட் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை சபைகூடலில் ஹேமநாதன் பிள்ளைகள் முன்னால் பரிசுக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் ஓய்வு நேரத்தில், அவர் அறையில் இல்லாத சமயம், தேன்மொழி அந்த இரும்பு அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். காரணம் கேட்கும் கடிதத்துக்குப் பதிலைத் தட்டச்சு செய்து எடுத்துவந்திருந்தாள். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அலமாரியைப் பார்த்து, "படத்துக்காகத்தானே சார் வாழ்றீங்க. படத்துலயே இல்லாமப் போங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, தலையில்லாத தன் படங்களைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்து வேர்த்துப்போன ஹேமநாதன் அலமாரியைத் திறந்தார். இருபது டேப்லட்டுகளும் யாரும் முடுக்காமலே ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஒன்றாம் எண்ணில் இடது காது இருந்தது. இரண்டில் வலது காது, ஏழில் மீசை, பன்னிரண்டில் முகவாய். இருபதில் இரண்டு கண்களும் இருந்தன, இமைத்துக்கொண்டிருந்தன. தேன்மொழியைக் கூப்பிட்டனுப்பி, "செட்டிங் ஏதாச்சும் மாத்திட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சந்தோஷம், அதை அவள் மறைக்கவும் இல்லை. வகுப்பில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று ஒன்றாம் எண்ணை எடுத்துப்போய் முன்வரிசையில் ஒரு பிள்ளையிடம் கொடுத்தாள். அதில் இருந்த பின்னப் பாடத்தை அந்தப் பிள்ளை நான்கு நாளில் முடித்து, பச்சைப் பொத்தானை அழுத்தியதும், டேப்லட்டிலிருந்து காது மறைந்தது. ஜமால் பாய் கடையிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார், படத்தில் சாருக்கு ஒரு காது வந்துவிட்டதாம்.

வழி தெரிந்துவிட்டது. மீதியையும் வகுப்புக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹேமநாதன் சாவியை நீட்டினார். தேன்மொழி கையை நீட்டவில்லை. திரைத்தாளை உரிக்காமல் பாடம் சரியாகத் தெரியாது, நீங்கள் வாங்கிப் பூட்டியது, நீங்களே வந்து உரியுங்கள் என்றாள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்க, தலைமையாசிரியர் சின்ன நாற்காலியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக நகத்தால் கிளப்பி உரித்தார். அவசரப்பட்டால் தாள் கிழிந்தது. அவள் பக்கத்தில் நின்று, "ஓரத்துல இன்னும் இருக்கு சார்" என்று காட்டிக்கொண்டேயிருந்தாள். அந்த ஆண்டு அலமாரி காலியாக நின்றது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்பது பேர் வாசித்தார்கள், வகுத்தல் வராதவர்களுக்கு வகுத்தல் வந்தது, நவம்பருக்குள் பத்தொன்பது பாடங்களும் முடிந்து பத்தொன்பது உறுப்புகளும் படங்களுக்குத் திரும்பின. கண்கள் மட்டும் வரவில்லை. இருபதாம் டேப்லட்டின் பச்சைப் பொத்தான் எந்தப் பிள்ளையின் விரலுக்கும் அசையவில்லை, ஹேமநாதன் பெருவிரலால் குத்தியும் அசையவில்லை. ஜொகூர் பாருவில் மூன்று கடைகளில் கொடுத்துப் பார்த்தார். மூன்றாவது கடைக்காரன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, இவர் அழுகிறார் போலிருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அது யாருடைய விரலைக் கேட்கிறது என்று இருவருக்கும் தெரியும். முன்னாள் மாணவி ஒருத்தியின் வீட்டு வாசலில் போய் நிற்க ஹேமநாதனுக்கு மனம் வரவில்லை. டேப்லட்டைத் தேன்மொழியிடமே கொடுத்து, பத்து பாகாட்டுக்குப் போய் அழுத்தவைத்துக் கொண்டுவரச் சொன்னார். தேன்மொழி சனிக்கிழமை போனாள். லக்ஷ்மி இருபதாம் பக்கத்தைத் திறந்து, ஆடு கிடைத்துவிட்டதை வாசித்து, கைதட்டிக் குதித்தாள். பச்சைப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனபோது, தேன்மொழி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். "அழுத்துறதும் விடுறதும் உன் இஷ்டம்மா. டீச்சருக்கு அவசரம் இல்ல" என்றாள். டேப்லட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்து, திங்கட்கிழமை ஹேமநாதனிடம், "கேட்டேன் சார். நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லுது" என்றாள். அது பொய். பிள்ளை எதுவுமே சொல்லவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லும்போது தேன்மொழிக்குப் பாயசம் குடித்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் பத்து பாகாட்டுக்குப் போய்ப் புதுப் பாடங்களை ஏற்றிவிட்டு வந்தாள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே பதிலைச் சொன்னாள்.

2023இல் ஹேமநாதனின் மகளுக்கு ஜொகூர் பாருவில் கல்யாணம் நடந்தது. ஆல்பத்தில் தாரை வார்த்துக் கொடுக்கும் தகப்பனுக்கு நெற்றி இருந்தது, புருவம் இருந்தது, அதற்குக் கீழே தோல் வழவழவென்று மூக்கு வரை இறங்கியது. புகைப்படக்காரர் வேறு யாருடைய கண்களையோ எடுத்து ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அவை வழுக்கிக் கன்னத்துக்கு வந்திருந்தன. மகள் ஆல்பத்தைப் பெர்மாஸ் ஜெயாவில் அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டுப் புருஷனோடு சிங்கப்பூருக்குப் போனாள். அடுத்த ஆண்டு அவருடைய வெளிநாடு போகும் கடப்பிதழ் காலாவதியானது. கண் இல்லாத முகத்தைப் படமெடுக்க இயந்திரம் மறுத்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பிறந்த பேத்தியை அவர் கைப்பேசியில்தான் பார்த்தார். அந்தப் பக்கத்தில் குழந்தைக்குத் தாத்தாவின் கண்ணில்லாத முகத்தைக் கண்டாலே அழுகை. இதைக் கேள்விப்பட்ட அன்று தேன்மொழி வீட்டில் கேசரி கிண்டினாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ஹேமநாதனே பத்து பாகாட்டுக்குக் கிளம்பினார். தேன்மொழியும் அங்கே இருந்தாள். பழக்கூடையை நீட்டி, "தப்புதாம்மா. அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். பேச்சியம்மாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லக்ஷ்மி டேப்லட்டை எடுத்து வந்து, இருபதாம் பக்கத்தைத் திறந்து, விரலைப் பச்சைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனாள். இத்தனை சீக்கிரமாகவா என்று தேன்மொழிக்குத் தோன்றியது. அப்போதுதான் ஹேமநாதன் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தார். பல வருடப் பழக்கம், கை தானாகப் பைக்குள் போயிற்று. கைப்பேசியை உயர்த்தி, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா, கூடை தெரியட்டும்" என்றார்.

லக்ஷ்மியின் விரல் நின்றது. அவள் டேப்லட்டை அணைத்தாள். அணைந்த டேப்லட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, பல் தெரியச் சிரித்தாள். "எடுங்க சார்" என்றாள். ஹேமநாதன் எடுத்தார், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தில் லக்ஷ்மியின் நெஞ்சில் இருந்த கறுப்புத் திரைக்குள் இரண்டு கண்கள் அகல விழித்து அவரையே பார்த்தன.

ஹேமநாதன் 2025இல் ஓய்வுபெற்றார். பள்ளி அலுவலகத்தில் முன்னாள் தலைமையாசிரியர்கள் வரிசையில் அவர் படம் ஏழாவதாகத் தொங்குகிறது, கண்கள் இல்லாமல். வாரம் ஒருமுறை மற்றப் படங்களைத் துடைக்கிற துணியாலேயே அதையும் துடைக்கிறார்கள், புதுப் பிள்ளைகள் யாரும் எதுவும் கேட்பதில்லை. லக்ஷ்மி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். இருபதாம் எண் டேப்லட் அவளிடம்தான் இருக்கிறது, ஜமால் பாய் அதை அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் எழுத்துகளுக்குப் பின்னால் அந்தக் கண்கள் இடமிருந்து வலமாக நகர்கின்றன. அவளோடு சேர்ந்து வாசிக்கின்றன போல. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. மாதம் பிறந்தால் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஹேமநாதனின் அழைப்பு வரும். லக்ஷ்மி மரியாதையாக எழுந்து நின்று பேசுவாள், பேத்தி நடக்கிறாளா என்று கேட்பாள். போன மாதமும் வந்தது. தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை அவள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு லக்ஷ்மி கைப்பேசியை வைத்தாள். மறுநாள் அவளுக்கு அறிவியல் சோதனை இருந்தது, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள்.